மாடியில் கிடக்கும் நாற்காலிகள்: எதற்குப் பெயிண்ட், எதற்கு எண்ணெய், எதற்குக் காயலான் கடை

போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அம்மா ஆரம்பித்துவிடுவார். "மாடியில கிடக்கிற குப்பையை இந்த வருஷமாவது தூக்கிப் போடுறியா இல்லையா?" அம்மா குப்பை என்று சொல்வது இவற்றைத்தான்: மூன்று இரும்பு நாற்காலிகள், தாத்தா காலத்துத் தேக்குப் பெஞ்சு, ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று, துணி கிழிந்த சாய்வு நாற்காலி, நிறம் வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு. வீடு திருவான்மியூரில். கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. சாயங்காலக் காற்று சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்றோடு வரும் உப்பு கேட்டு, ஜன்னல் கம்பி, ஏ.சி. பெட்டி என்று ஒன்றையும் விட்டுவைக்காது.

தூக்கிப் போடுவதா, சரிசெய்வதா, சரிசெய்தால் எப்படி என்று இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். இதற்கு முன் இரண்டு தடவை அவசரப்பட்டுப் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் வீணாக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஹார்டுவேர் கடையில் நான் கேட்டது "எது ரொம்ப நாள் தாங்கும்?" என்பதுதான். கடைக்காரரும் இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை எடுத்து வைப்பார். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற சாமானுக்கு எதைப் பூசினாலும் இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி கை வைக்கத்தான் வேண்டும். அதனால் இப்போது நான் பார்ப்பது, இரண்டாவது தடவை செய்யும்போது எது சுலபமாக இருக்கும் என்பதை. முதல் தடவை எல்லாமே அழகாகத்தான் வரும்.

இரும்பு

மூன்று நாற்காலிகளும் ஒரே நாளில் வாங்கியவை, பதினைந்து வருஷம் இருக்கும். குழாய்க் கால், தகடு இருக்கை. பெயிண்ட் வாங்கப் போவதற்கு முன் மூன்றையும் தலைகீழாகக் கவிழ்த்தேன். இதை யாரும் செய்வதில்லை. துரு மேலே தெரிகிற இடத்தில் இருப்பதைவிட, கால் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள்தான் அதிகம் இருக்கும். டைல்ஸைக் கீறாமல் இருக்கப் போட்ட புஷ், மழைத் தண்ணீரைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொள்கிறது. முதல் நாற்காலியில் புஷ்ஷைத் திருகிக் கழற்றியதும் டீ நிறத்தில் தண்ணீர் வடிந்தது, பின்னாலேயே மணலும் துருச் சீவலும். ஸ்குரூ டிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து அழுத்திப் பார்த்தேன். நல்ல இரும்பு அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பின்னங்கால் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. குழாய் உள்ளிருந்தே அரித்துப் போனால் வெளியே என்ன பூசியும் பயனில்லை. வெல்டரிடம் கொடுத்துக் காலை வெட்டிப் புதுக் குழாய் வைக்கலாம். ஆனால் ஒரு கால் போன நாற்காலியில் மற்ற மூன்று காலும் வரிசையில்தான் நிற்கின்றன. அதை ஓரமாக வைத்தேன்.

மிச்சம் இரண்டுக்கும் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது பவுடர் கோட்டிங். பழைய பெயிண்டை முழுதும் உரித்து, ரசாயனத் தொட்டிகளில் முக்கிச் சுத்தம் செய்து, மின்னேற்றம் கொடுத்த தூளைத் தெளித்து, சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து உருக்கிப் பிடிக்கவைப்பார்கள். பட்டறையிலிருந்து வரும்போது கடையில் புதிதாக வாங்கியதுபோல் இருக்கும், தூரிகைத் தடம் ஒன்று இருக்காது. நான் ஒருமுறை பூந்தொட்டி ஸ்டாண்டு ஒன்றுக்குச் செய்தேன். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். மூன்றாம் வருஷம் தொட்டி ஒன்றை நகர்த்தும்போது ஒரு மூலையில் சில்லு பெயர்ந்தது. உப்புத் தண்ணீர் அந்தச் சில்லு வழியாக நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே கறையான் போவதுபோல் போனது. வெளியே பளபள, உள்ளே துரு. ஒரு நாள் நகத்தால் சுரண்டினேன், ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையாக உரிந்து வந்தது. அதை வீட்டில் ஒட்டுப்போட வழியில்லை, மறுபடி பட்டறைக்குத் தூக்க வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ வீடு இருந்தால் நான் பவுடர் கோட்டிங்குக்கே வாக்களிப்பேன். அங்கே காற்றில் உப்பு இல்லை.

இரண்டாவது ஸ்பிரே டப்பா. நெளிநெளியாகக் கம்பி வேலைப்பாடு உள்ள சாமானுக்கு இதை விட்டால் வழியில்லை, தூரிகை புகாது. சாதாரணக் குழாய் நாற்காலிக்கு இது வீண் செலவு. மொட்டை மாடிக் காற்றில் பாதி, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்குப் போய்விடும்.

மூன்றாவது, துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம். பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம்தான். துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாகி ஒட்டிக்கொள்ளும். "தேய்க்கவே வேண்டாம், பூசினால் போதும்" என்று விற்கிறார்கள். உதிர்கிற துருவின் மேல் பூசினால் அதுவும் சேர்ந்து உதிரும், அவ்வளவுதான். கம்பி பிரஷ் நுழையாத வெல்டிங் மூலைகளுக்கு மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

நான்காவது, நம் பெயின்டர்கள் காலகாலமாகச் செய்வது. ரெட் ஆக்சைடு என்ற செங்கல் நிற அடிப்பூச்சு, மேலே எனாமல் பெயிண்ட். நான் எடுத்தது இதைத்தான். இதில் அழகு கொஞ்சம் கம்மி, ஆனால் அடுத்த வருஷம் ஒரு இடத்தில் துரு எட்டிப் பார்த்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தொட்டு வைக்கலாம். அரை மணி நேர வேலை.

செய்யும் விதத்தில் இரண்டு மூன்று விஷயங்களை யாரும் சொல்வதில்லை. தேய்ப்பதற்கு முன்னால் நாற்காலியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். உப்பு மேலே இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அதை இரும்புக்குள் தேய்த்துவிட்டதுபோல் ஆகும். அந்த உப்பு பூச்சுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது, பழைய பெயிண்டை உலரத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தாங்கும் எமரித் தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சொரசொரப்பான 80 நம்பர் தாளில் ஆரம்பித்து, அதைவிட மென்மையான 120இல் முடித்தால் போதும்.

அப்புறம், தேய்த்துத் துடைத்துக் காய்ந்த அன்றே ரெட் ஆக்சைடு பூசிவிட வேண்டும். முதல் தடவை "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் வெள்ளையாக இருந்த இரும்பு முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. ரெட் ஆக்சைடு பூசியதோடு நின்றுவிடுவதும் தவறு. எங்கள் தெருவில் ஒரு கேட்டு இரண்டு வருஷமாகச் செங்கல் நிறத்திலேயே நிற்கிறது. அது அடிப்பூச்சு, ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மேலே எனாமல் இரண்டு கை, இரண்டும் மெல்லிசாக. நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்திலிருந்து தொடங்கினால் சொட்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும். ஒரு லிட்டர் எனாமல், அரை லிட்டர் ரெட் ஆக்சைடு, டர்பன்டைன், தாள், பிரஷ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பாதிக்கு மேல் எனாமல் இன்னும் டப்பாவில் இருக்கிறது. புஷ்ஷைத் திரும்ப மாட்டும்போது சூடான ஊசியால் அடியில் ஒரு ஓட்டை போட்டேன், தண்ணீர் வெளியேற.

தேக்கு

பெஞ்சு கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் கிடந்தது. திண்ணையில் இருந்தவரை தேன் நிறத்தில் இருந்தது, எங்கள் மாடிக்கு வந்த மூன்றே வருஷத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ, மரம் செத்துப்போச்சே" என்கிறார்கள். சாகவில்லை. மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது, மேலே வெளுத்த நார் மட்டும் மிஞ்சுகிறது. ஓர் ஓரத்தில் 120 நம்பர் உப்புத்தாளால் பத்து இழு இழுத்தேன். அடியில் அதே தேன் நிறம், கூடவே அந்தத் தேக்கு வாசனை.

அம்மா உடனே சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்தார். "உங்க தாத்தா கதவுக்கெல்லாம் எண்ணெய்தான் தடவுவார்." தடவினால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் உலராத ஜாதி. பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை. காற்றோடு சேர்ந்து இறுகி, மரத்துக்குள் ஒரு மெல்லிய பிசினாக மாறிவிடும். ஹார்டுவேர் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இதிலும் இரண்டு வம்பு இருக்கிறது. தாராளமாக ஊற்றி அப்படியே விட்டால் நம் ஈரக் காற்றுக்குக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். துணியில் நனைத்துத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை வேறு துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வம்பு அந்தத் துணிதான். இந்த எண்ணெய் இறுகும்போது சூடு வரும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது கொடியில் விரித்துப் போடுங்கள்.

வார்னிஷ் என் பழைய பாவங்களில் ஒன்று. சித்திரையில் பூசினேன், கண்ணாடி மாதிரி மின்னியது. ஐப்பசி மழையில் மூட்டுகளின் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், தை பிறக்கும்போது பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. மறுபடி பூசுவதற்கு முன் பாக்கி வார்னிஷ் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. மூன்று ஞாயிறு, ஒரு தோள்பட்டை வலி. பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு இதைவிடக் கெட்டி, அதனால் உரிக்கும்போது இன்னும் கஷ்டம். அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஈர டம்ளர் வைத்தாலே வெள்ளை வட்டம் விழும் பூச்சு அது, வீட்டுக்குள் உள்ள சாமானுக்கானது.

முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் மரப் படகுகளுக்குப் பூசுவார்கள். கறையானும் பூச்சியும் கிட்ட வராது. தோலில் பட்டால் வெந்து கொப்புளித்துவிடும், துணியில் பட்டால் கறை போகாது. உட்காருகிற இடத்துக்கு ஆகவே ஆகாது. தரையில் பதியும் கால்களுக்கு, கையுறை போட்டுக்கொண்டு பூசலாம்.

கடைசியில் பெஞ்சின் பலகையைச் சாம்பலாகவே விட்டுவிட்டேன். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டு, நாரோட்டத்தின் வாக்கிலேயே தேய்த்துக் கழுவினேன். பாசி போனதும் அந்தச் சாம்பலுக்கே ஒரு வெள்ளிப் பளபளப்பு வந்தது. கால் நுனியில் மட்டும், மரத்தின் குறுக்குவெட்டுத் தெரிகிற இடம் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், மூன்று நாள் ஆளிவிதை எண்ணெய் ஊறவைத்தேன். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு கடப்பாக்கல் துண்டு. நடுவில் யாரோ அடித்த இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படிந்திருந்தது, அதைப் பிடுங்கி 316 ரக எவர்சில்வர் ஸ்குரூ போட்டேன். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304, கடலோரத்தில் பழுப்புக் கறை காட்டும். அம்மாவுக்கு இந்தச் சாம்பல் நிறம் இன்னும் பிடிக்கவில்லை.

இந்தச் சலுகை தேக்குக்கு மட்டும். மாமரம், ரப்பர் மரம், பிளைவுட் என்றால் வெறுமனே விட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. வுட் பிரைமர் போட்டு எனாமல் அடியுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்பும் அப்படித்தான், வெயிலில் காய்ந்து ஒடியும். தொய்ந்துபோன பிரம்புப் பின்னலுக்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு: அடிப்பக்கத்திலிருந்து வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து இரவு முழுக்க யாரும் உட்காராமல் விட்டால், காயும்போது இழுத்துக்கொண்டு விறைப்பாகும். பின்னல் அறுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒயரும் துணியும்

கொடுத்த காசுக்கும் உழைப்புக்கும் அதிகம் திருப்பிக் கொடுத்தவை இவை இரண்டும்தான்.

சாய்வு நாற்காலியில் மரச் சட்டம் கல்லு மாதிரி இருந்தது. போனது துணி மட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு உருளைக் கட்டைகள். துணியின் இரு முனையிலும் மடித்துத் தைத்த சுருக்குக்குள் அவை நுழையும். உருவினால் துணி கையில். இதில் நான் செய்த தப்பு, பழைய துணியை அப்படியே அளவாகக் கொடுத்தது. அது பல வருஷம் ஆள் உட்கார்ந்து நீண்ட துணி. புதிதாக வந்ததில் உட்கார்ந்தபோது இடுப்பு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. நான்கு விரற்கடை குறைத்து மறுபடி தைக்கச் சொன்னேன். காட்டன் கான்வாஸ் என்றால் நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும், சுருங்கும். சாதாரணத் தையல் மெஷினில் இந்தத் தடிமன் போகாது, தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுங்கள்.

எந்தத் துணி? தார்ப்பாய்ச் சீட்டு மழைக்குக் கவலையில்லை, ஆனால் மே மாதத்தில் முதுகு ஒட்டிக்கொள்ளும். பவானி ஜமக்காளம் கனமான பருத்தி, அந்தக் கோடுகள் இந்த நாற்காலிக்கென்றே போட்டதுபோல் இருக்கும். நனைந்தால் காய மூன்று நாள் ஆகும், வெயிலில் சாயம் மங்கும். நான் கான்வாஸ் எடுத்தேன். மேகம் கறுத்தால் கட்டையோடு உருவி உள்ளே கொண்டுபோக ஒரு நிமிஷம் போதும்.

ஒயர் நாற்காலியில் ஒயர் இறுகிப் பொடிப்பொடியாக உடைந்திருந்தது. ஒயர் பி.வி.சி. பிளாஸ்டிக், அதை வளைய வைக்கும் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுகிறது, அப்புறம் அது வெறும் குச்சி. இதை நாடா போட்டும் பின்னலாம், கயிற்றால் கட்டலாம், மறுபடி ஒயரே சுற்றலாம். தென்னங்கயிறு பார்க்க அழகு. தொடையில் குத்தும், மழையில் ஊறி அழுகும். நைலான் நாடா கட்டிலுக்குப் பொருத்தம், ஏனென்றால் சட்டம் சதுரமாக இருக்க வேண்டும். வட்டச் சட்டத்துக்கு ஒயர்தான். பழைய பின்னலை அறுப்பதற்கு முன் முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுத்து வையுங்கள், முடிச்சு எங்கே விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒயரை அறுத்ததும் சட்டம் வெறுமையாக நிற்கிறதல்லவா, பெயிண்ட் அடிக்க அதைவிட நல்ல நேரம் வராது. இரும்பு நாற்காலிக்கு வாங்கிய அதே எனாமலில் முடித்தேன். மதியம் இரண்டு மணி வெயிலில் ஒயரைப் போட்டு எடுத்தால் இளகி இருக்கும், இழுத்துச் சுற்றலாம், ஆறியதும் விறைக்கும். இரண்டு மதியங்கள் பிடித்தது. விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது.

அறுத்த ஒயரைப் போகிக்குக் கொளுத்தலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கொடுக்கவில்லை. பி.வி.சி. எரிந்தால் வருவது அமிலப் புகை.

பிளாஸ்டிக்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதென்றால் மேல்பரப்பு சிதைய ஆரம்பித்துவிட்டது. இந்த நாற்காலிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதில் பெயிண்ட் ஒட்டாது. தனி பிரைமர் இருக்கிறது, அது நாற்காலியைவிடத் தொல்லை. சூடான காற்று அடித்து நிறம் மீட்கும் வித்தை மேலே மினுக்குமே தவிர, வலு திரும்பாது. காலும் இருக்கையும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் அதில் ஆள் உட்காரக் கூடாது, முக்கியமாகப் பெரியவர்கள். நான்கில் இரண்டு அப்படி. அவற்றின் மேல் இப்போது கற்றாழையும் துளசித் தொட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. விரிசல் இல்லாத இரண்டு, கழுவி நிழலுக்குப் போயின.

பழைய டயரில் கயிறு சுற்றி இருக்கை செய்கிற வீடியோவை அண்ணி அனுப்பியிருந்தார். செய்யலாம். ஆனால் டயருக்குள் தேங்கும் தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்கு ரொம்பப் பிடித்த தொட்டில். உள்ளே ஓட்டை போட்டு, மேலே மூடி வைக்க முடியாவிட்டால் வேண்டாம்.

நேரம் பற்றி ஒன்று. இதெல்லாம் தை பிறந்ததிலிருந்து பங்குனிக்குள் முடிக்க வேண்டிய வேலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிருக்காது. காலைப் பனி காயப் பத்து மணியாகும், அதற்கு முன் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். மூன்று மணியோடு நிறுத்திவிட்டால் இருட்டுவதற்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரும். நேர் வெயிலிலும் பூசக் கூடாது, மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து செய்தேன், நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு.

அந்த மூன்றாவது இரும்பு நாற்காலியைப் போகிக்கு முந்தின நாள் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். வந்த காசு, அரை லிட்டர் ரெட் ஆக்சைடு டப்பாவுக்குச் சரியாக இருந்தது.